56 அடி உயரத்தில் ஒரு குரல்

மேட்ச் உச்சத்துல இருக்கும்போது ஹாஸ்டல் வைஃபை படுத்துக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? யாருக்காவது போன் போட்டு ஸ்கோர் கேட்பீங்க. 1930களில் கனடாவின் கிராமங்களில் இருந்தவர்களுக்கு டிவியே கிடையாது. ஆனாலும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணியை நேரில் ஒருமுறைகூடப் பார்க்காமலே உயிராக நேசித்தார்கள். அவர்களுக்குக் கண்ணாக இருந்தவர் ஃபாஸ்டர் ஹியூவிட்.

1902இல் டொராண்டோவில் பிறந்தவர். அப்பா அதே ஊர்ப் பத்திரிகை ஒன்றின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். பையனுக்கோ ரேடியோ பைத்தியம். 1923இல் அந்தப் பத்திரிகையின் ரேடியோ நிலையம் அவரை ஒரு ஹாக்கி மேட்ச்சை வர்ணிக்க அனுப்பியது. மைக் கூட இல்லை, கையில் ஒரு டெலிபோன்தான். உட்கார வைத்தது சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குள். பேசப் பேச மூச்சுக்காற்று பட்டு கண்ணாடி மங்கிவிட்டது! ஹாக்கியை ரேடியோவில் முதலில் வர்ணித்தவர் இவர்தான்னு ரொம்ப காலம் சொன்னாங்க. உண்மையில் சில நாள் முன்பே நார்மன் ஆல்பர்ட் என்ற சக ஊழியர் அதைச் செய்திருந்தார். ஆனால் அந்த வேலையை ஒரு கலையாக்கியவர் ஹியூவிட்தான்.

ஐஸ் ஹாக்கி வர்ணனை லேசுப்பட்ட வேலை இல்லைங்க. பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வில்லை மூணு அங்குல அகலம்தான். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் 1931இல் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கம் கட்டும்போது, தன் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கணும்னு கண்டுபிடிக்க, ஓர் உயரமான கட்டடத்தில் மாடி மாடியாக ஏறி, தெருவில் போகிறவர்களைப் பார்த்தார். ஆளையும் அடையாளம் தெரியணும், மொத்தக் களமும் தெரியணும். கிடைத்த விடை 56 அடி. நம்ம லேப்ல பண்ற சோதனை மாதிரியே இல்ல? அந்த உயரத்தில் தொங்கிய அறைக்கு கோண்டோலா என்று பெயர்.

1933 ஏப்ரல் 3. பாஸ்டன் புருயின்ஸ் அணியுடன் பிளேஆஃப் ஆட்டம். வழக்கமான 60 நிமிடத்தில் கோலே இல்லை. கூடுதல் நேரம் 104 நிமிடம் தாண்டிப் போனது. நள்ளிரவு கடந்து கென் டொராட்டி ஒரே கோலை அடிக்கும்வரை ஹியூவிட் பேசிக்கொண்டே இருந்தார். தூங்காமல் காத்திருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த கோல் அவர் குரலில்தான் போய்ச் சேர்ந்தது.

1952இல் டிவி வந்தது. சில வருடங்களில் டிவி வர்ணனையை மகன் பில்லிடம் விட்டுவிட்டு, அவர் ரேடியோவிலேயே தொடர்ந்தார். ஓய்வுபெற்ற பிறகும் 1972இல் சோவியத் யூனியனுக்கு எதிரான தொடருக்காக மறுபடி மைக் முன் வந்தார். மாஸ்கோவில் கடைசி ஆட்டம், 34 விநாடி மிச்சம். பால் ஹெண்டர்சன் அடித்த வெற்றி கோலைக் கனடாவுக்குச் சொன்னது 69 வயதுக் குரல்.

ஆனா 1979இல் நடந்ததைக் கேளுங்க. அரங்கத்தின் அப்போதைய முதலாளி கோண்டோலாவைப் பிரித்து எரிக்கக் கொடுத்துவிட்டார். ஒரு மியூசியத்துக்குக்கூட மிஞ்சவில்லை. ஹியூவிட் மனம் உடைந்துபோனார். 1985இல் 82 வயதில் காலமானார். இன்றும் சிறந்த ஹாக்கி வர்ணனையாளர்களுக்குத் தரும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்த மேட்ச்ல ஒரு அஞ்சு நிமிஷம் ஸ்க்ரீனைத் திருப்பி வச்சுட்டு வர்ணனையை மட்டும் கேளுங்க. பந்து எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதா? தெரிந்தால், பேசுகிறவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.