அச்சம் அகற்றிய மருத்துவர்

பிள்ளைப்பேற்றில் தாயின் உடலைப் போலவே உள்ளத்தையும் பேணுதல் மருத்துவர் கடமை என்று வற்புறுத்தியவருள் முன்னிற்பவர் கிராண்ட்லி டிக்-ரீட். இவர் 1890-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் லண்டன் மருத்துவமனையிலும் பயின்றார். ஆயுதம் போடவும் மயக்க மருந்து கொடுக்கவும் கற்ற மாணவன், அஞ்சி நடுங்கும் பெண்ணைத் தேற்றவும் கற்க வேண்டாமா என்பதே அவர் பிற்காலத்தில் எழுப்பிய வினா.

அவ்வினாவிற்கு வித்திட்டவள் ஓர் ஏழைப் பெண். லண்டனின் வொயிட்சேப்பல் பகுதியில், மழை ஒழுகும் எளிய அறையொன்றில் அவளுக்குப் பிரசவம் பார்க்க அவர் சென்றார். வழக்கப்படி குளோரோபாரம் கொடுக்க முற்பட்டபோது அவள் மறுத்துவிட்டாள். குழந்தையும் அமைதியாகப் பிறந்தது. பின்னர்க் காரணம் வினவியபோது, தனக்கு வலிக்கவில்லை என்று கூறிய அவள், வலித்தே தீர வேண்டுமோ என்று அவரையே திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வி வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை.

அச்சம் தசைகளை இறுக்குகிறது; இறுக்கம் வலியைப் பெருக்குகிறது; வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கிறது. இச்சுழலை அறுக்க அவர் வகுத்த வழி எளியது. பேறுகாலத்திற்கு முன்பே நடக்கவிருப்பதை விளக்குதல், மூச்சையும் உடலையும் தளர்த்தப் பழக்குதல், வலியின்போது தாயைத் தனியே விடாதிருத்தல் ஆகியவையே அவை. 1933-இலும் 1942-இலும் இக்கொள்கையை நூல்களாக வெளியிட்டார். மருத்துவர் பலர் எதிர்த்தனர்; தாய்மார்கள் ஏற்றனர். 1956-இல் இங்கிலாந்தில் இயற்கைப் பிரசவச் சங்கம் தோன்றியபோது அவரே அதன் முதல் தலைவரானார். 1959-இல் மறைந்தார்.

அவர் கூறிய யாவும் நிலைபெறவில்லை. எல்லா வலியும் அச்சத்தின் விளைவன்று. வலி தணிக்கும் மருந்தை வேண்டும் தாய் மனத்திண்மை குன்றியவளும் அல்லள். எனினும், பிரசவ வேளையில் தாய் விரும்பும் துணை ஒருவர் அருகிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் பரிந்துரைக்கின்றன.

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களில் எல்லாப் பெண்களுக்கும் அது வாய்ப்பதில்லை. மொழி புரியாத மருத்துவமனையில், நாம் பேச்சுத்துணையாக அமர்ந்தாலே அவர்கள் அச்சத்தில் பாதி அகலும். அண்டை வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கும்போது, அவள் அழைக்கும்வரை காத்திராது, உடன்வரவா என்று நாமே கேட்போமாக.