ஊரார் வாங்கிக் கொடுத்த கார்!

பணம் பெரிதா, திறமை பெரிதா?

மோட்டார் பந்தய உலகத்தில் இது பழைய கேள்வி. ஒரு பந்தயக் குழுவிடம் இரண்டு கார்கள் இருக்கின்றன. ஓட்டுவதற்கு இரண்டு பேர்தான் வேண்டும். ஓர் இடம் நிரம்பிவிட்டது. மீதி இருப்பது ஒரே இடம். அதற்கு இருவர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் அருமையாக ஓட்டுவார். கையில் காசு இல்லை. மற்றவர் சுமாராக ஓட்டுவார். ஆனால் அவரோடு ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரப் பணமும் வருகிறது. யாரைச் சேர்ப்பது?

பணம் இல்லாவிட்டால் கார் ஓடாது. திறமை இல்லாவிட்டால் கார் ஜெயிக்காது. குழுவின் முதலாளி தலையைப் பிடித்துக்கொள்கிறார்!

இந்தக் கேள்விக்கு ஒருவருடைய வாழ்க்கையே விடை சொல்லுகிறது. அவர் பெயர் ஜுவான் மானுவேல் பாஞ்சியோ. 5 முறை உலக சாம்பியன் பட்டம் பெற்றவர். அவர் பிறந்தது ஏழைத் தொழிலாளியின் வீட்டில்!

உருளைக்கிழங்கு விளையும் ஊர்

தென் அமெரிக்காவில் அர்ஜென்டினா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் போனஸ் அயர்ஸ். அங்கிருந்து தெற்கே சுமார் 400 கிலோ மீட்டர் போனால் பால்கார்சே என்ற சிற்றூர் வரும். உருளைக்கிழங்கு விளைச்சலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது.

1911-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி பாஞ்சியோ அங்கே பிறந்தார். இத்தாலியில் இருந்து பிழைக்க வந்த குடும்பம். தகப்பனார் கட்டிட வேலை செய்பவர். பிள்ளைகள் ஆறு பேர்.

13 வயதில் பாஞ்சியோவின் படிப்பு நின்றது. மோட்டார் பட்டறையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். கையில் எண்ணெய்க் கறை. காதில் என்ஜின் சத்தம். சத்தத்தைக் கேட்டே காரின் கோளாறைக் கண்டுபிடிக்கும் திறமை அவருக்கு வந்தது. வளர்ந்ததும் சொந்தமாக ஒரு பட்டறை வைத்தார்.

டாக்சியில் பந்தயம்

பந்தயத்தில் ஓடவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் பந்தயக் கார் வாங்கப் பணம் ஏது?

1936-ம் ஆண்டு, டாக்சியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு போர்டு காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்து ஓட்டினார். சொந்தப் பெயரில் அல்ல, புனைபெயரில்! அந்தப் பந்தயத்தை அவரால் முடிக்க முடியவில்லை. என்ஜின் ஒத்துழைக்கவில்லை. ஆனால் பையனிடம் விஷயம் இருக்கிறது என்று ஊர் தெரிந்துகொண்டது.

அதன்பிறகு நடந்ததுதான் அதிசயம். பால்கார்சே ஊர்மக்கள் ஒன்று சேர்ந்து பணம் திரட்டினார்கள். அந்தப் பணத்தில் ஒரு செவர்லே கார் வாங்கி பாஞ்சியோவிடம் கொடுத்தார்கள்.

1940-ம் ஆண்டு அவர் அந்தக் காரோடு பெரிய பந்தயம் ஒன்றில் இறங்கினார். போனஸ் அயர்சில் புறப்பட்டு, பெரு நாட்டின் தலைநகர் லிமாவுக்குப் போய்த் திரும்பவேண்டும். சுமார் 9,500 கிலோ மீட்டர்! மண் பாதை, பாலைவனம், மூச்சு முட்டும் ஆண்டிஸ் மலை. கார் பழுதானால் ஓட்டுகிறவரே இறங்கிச் சரிசெய்ய வேண்டும். பட்டறையில் கற்ற தொழில் கைகொடுத்தது. பாஞ்சியோ முதலாவதாக வந்தார். அந்த ஆண்டும், அடுத்த ஆண்டும் அர்ஜென்டினாவின் சாம்பியன் அவர்தான்.

ஐரோப்பாவுக்குப் பயணம்

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்கும் டயருக்கும் தட்டுப்பாடு. பந்தயங்கள் நின்றன. நல்ல வயது வீணாகக் கழிந்தது. 1948-ம் ஆண்டில் ஒரு நெடும்பந்தயத்தின்போது பெரு நாட்டில் அவர் கார் உருண்டது. உடன் சென்ற நண்பர் உயிர் இழந்தார். பாஞ்சியோ மனம் உடைந்துபோனார்.

ஆனாலும் காலம் அவரை விடவில்லை. 1949-ம் ஆண்டு அர்ஜென்டினா மோட்டார் சங்கமும், ஜனாதிபதி பெரோனின் அரசாங்கமும் செலவை ஏற்று அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பின. முன்பு ஊர் செய்ததை இப்போது நாடு செய்தது.

அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஐரோப்பாவில் 6 பந்தயங்களில் பாஞ்சியோ வென்றார். அப்போது அவருக்கு வயது 38. மற்றவர்கள் ஓய்வு பெற நினைக்கும் வயது!

தேடி வந்த கம்பெனிகள்

அதன்பிறகு பாஞ்சியோ யாரிடமும் பணத்துக்காக நிற்க வேண்டி இருக்கவில்லை. கம்பெனிகள் அவரைத் தேடி வந்தன.

1950-ம் ஆண்டு பார்முலா 1 உலக சாம்பியன் போட்டி தொடங்கியது. ஆல்பா ரோமியோ கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. முதல் ஆண்டில் இரண்டாவது இடம். 1951-ம் ஆண்டில் உலக சாம்பியன்!

1952-ம் ஆண்டு பெரிய சோதனை. இரவு முழுவதும் கார் ஓட்டிக்கொண்டு இத்தாலியில் உள்ள மோன்சாவுக்கு வந்து, களைப்போடு பந்தயத்தில் இறங்கினார். கார் கவிழ்ந்தது. கழுத்து எலும்பு முறிந்தது. பல மாதம் படுக்கை. ஆனாலும் மீண்டு வந்தார்.

1954-ம் ஆண்டு ஜெர்மனியின் மெர்சிடிஸ் கம்பெனி அவரை அழைத்தது. பணத்துக்குப் பஞ்சம் இல்லாத கம்பெனி அது. அப்படிப்பட்ட கம்பெனி ஓட்டுநரிடம் பணம் எதிர்பார்க்குமா? யார் மிக நன்றாக ஓட்டுகிறார் என்பதை மட்டுமே பார்த்தது. 1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பாஞ்சியோ சாம்பியன். 1956-ல் பெராரி காரிலும், 1957-ல் மசராட்டி காரிலும் அவர் பட்டம் பெற்றார். 4 கம்பெனிகளின் கார்களில் 5 பட்டங்கள்!

46 வயதில் ஒரு வெற்றி

1957-ம் ஆண்டு ஆகஸ்ட் 4-ந் தேதி. ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதை. ஒரு சுற்று சுமார் 22.8 கிலோ மீட்டர். மலைக்காட்டின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட வளைவுகள்.

பாஞ்சியோ முன்னணியில் ஓடினார். நடுவில் டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நின்றார். அந்த வேலை தாமதம் ஆயிற்று. பெராரி கார்களில் வந்த ஹாதோர்ன், காலின்ஸ் என்ற இரண்டு இளைஞர்கள் முக்கால் நிமிடத்துக்கும் மேலாக முந்திவிட்டார்கள்.

பாஞ்சியோ விடவில்லை. சுற்றுக்குச் சுற்று வேகம் கூடியது. பாதையின் சாதனையைத் திரும்பத் திரும்ப முறியடித்தார். கடைசிக்கு முந்திய சுற்றில் இருவரையும் முந்தி வெற்றி பெற்றார். எவ்வளவு பணம் கொட்டினாலும் அந்த ஓட்டத்தை விலைக்கு வாங்க முடியுமா?

ஜெயித்த குழுவே மூடப்பட்டது!

இனி கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு பாஞ்சியோவுக்குப் பட்டம் வாங்கித் தந்த மசராட்டி கம்பெனி கடனில் மூழ்கி இருந்தது. 1957-ம் ஆண்டு முடிவில் அது தன் பந்தயக் குழுவையே கலைத்துவிட்டது. உலக சாம்பியன் இருந்தும் குழு பிழைக்கவில்லை! திறமை கோப்பையைக் கொண்டுவரும். கடனை அடைக்கப் பணம்தான் வேண்டும்.

1958-ம் ஆண்டு பாஞ்சியோ பந்தயத்தில் இருந்து ஓய்வு பெற்றார். அவர் ஓடிய உலக சாம்பியன் பந்தயங்கள் 51, வெற்றி 24. ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று!

விளம்பரம் வந்தது

1968-ம் ஆண்டில் லோட்டஸ் குழு தன் கார்களுக்கு ஒரு சிகரெட் கம்பெனியின் வண்ணத்தைப் பூசியது. மற்றக் குழுக்களும் பின்தொடர்ந்தன. செலவு ஏறியது. ஓட்டுவதற்கு இடம் வேண்டுமானால் பணத்தோடு வா என்று சொல்லும் வழக்கமும் பெருகியது.

பணம் கொண்டுவருகிறவர் எல்லாம் திறமை இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆஸ்திரியாவின் நிக்கி லாடா வங்கியில் கடன் வாங்கிக் கொடுத்துத்தான் குழுவில் இடம் பிடித்தார். பின்னர் 3 முறை உலக சாம்பியன் ஆனார். ஆனால் கடன் கிடைக்காத ஏழைப் பையன் என்ன ஆவான்? அவன் பெயர் நமக்குத் தெரியவே போவதில்லை.

திறமை இல்லாதவர் ஓட்டினால் தோல்வியோடு போகாது, உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் இன்று பார்முலா 1 பந்தயத்தில் ஓட வேண்டுமானால், கீழ்நிலைப் பந்தயங்களில் போதிய புள்ளிகள் எடுத்துத் தனி லைசென்ஸ் பெறவேண்டும். பணம் மட்டும் போதாது. குழுக்கள் செய்யும் செலவுக்கும் 2021-ம் ஆண்டு முதல் உச்ச வரம்பு உண்டு.

பால்கார்சே சொல்லும் பாடம்

1995-ம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி, 84-வது வயதில் பாஞ்சியோ காலமானார். அவர் உடல் பால்கார்சேயில் அடக்கம் செய்யப்பட்டது. 1986-ம் ஆண்டு திறக்கப்பட்ட அவரது கார்க் காட்சிசாலை அந்த ஊரில் இருக்கிறது.

பாஞ்சியோவுக்கும் பணம் தேவைப்பட்டது. ஆனால் அவர் பணத்தைக் காட்டி இடம் வாங்கவில்லை. அவருடைய திறமையைப் பார்த்துப் பணம் வந்தது. முதலில் ஊராரின் பணம். பிறகு நாட்டின் பணம். கடைசியில் கம்பெனிகளின் பணம்.

ஆகவே, பணம் வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வி அல்ல. பணம் திறமையைத் தேடிப் போகிறதா, திறமையின் இடத்தை அபகரிக்கிறதா என்பதுதான் கேள்வி. உருளைக்கிழங்கு விளையும் அந்தச் சிற்றூரின் மக்கள் இதை அன்றைக்கே தெரிந்துவைத்திருந்தார்கள். பணத்தைத் திரட்டினார்கள், சாவியைத் தகுதியானவன் கையில் கொடுத்தார்கள்!