நூல்வழி வந்த நட்பு

நண்பர் இருவர் சந்தித்தால் நலம் உசாவிய பின், இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டுக் கொள்வது கற்றாரிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். கேட்டவர் ஒரு நூலைச் சொல்வார், மற்றவர் தலையசைப்பார், பெரும்பாலும் அது அன்றோடு மறந்துபோகும். அவ்வாறு மறந்துபோகாத ஒரு கேள்வி 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாள் கும்பகோணத்தில் கேட்கப்பட்டது. கேட்டவர் முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார். கேட்கப்பெற்றவர் அவ்வூர் அரசினர் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர். முதலியாருக்கு அப்போது வயது 28, ஐயருக்கு 25. இருவரையும் நரைத்த தாடியும் தலைப்பாகையும் உடைய முதியவர்களாகவே கற்பனை செய்து பழகிய நம் மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும். நம் கல்லூரி இளம் விரிவுரையாளர் ஒருவரின் வயதே அவர்களுக்கு.

சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவாணர். இராமாயணத்தைப் பாடியும் கதை சொல்லியும் ஊர் ஊராகச் சென்று வாழ்ந்தவர். மகனுக்குத் தமிழில் வேட்கை பிறந்ததும், தமிழ் சொல்லித் தருவார் இருக்குமிடமெல்லாம் குடும்பத்தோடு குடிபெயர்ந்தார். அக்காலத்தில் ஒரு நூலைப் படிக்க வேண்டுமானால், அந்நூல் யாரிடம் உள்ளது, அவர் பாடம் சொல்வாரா என்பதே முதற் கேள்வி. அரியலூர்ச் சடகோபையங்கார் போன்றோரிடம் சிறிது சிறிதாகக் கற்ற பின்னர், மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் மாணவராகும் பேறு அவருக்கு வாய்த்தது. பிள்ளையவர்களின் திண்ணையில் சமய வேறுபாடு இடம்பெறவில்லை. கிறித்தவராகிய சவரிராயலு நாயகர் அவரிடம் பாடங் கேட்டவர். நம் நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவருடைய மாணாக்கர் என்பர். 1876இல் ஆசிரியர் மறைந்தார். 1880ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்கு இவரே தகுதியுடையவர் என்று அவரே பரிந்துரைக்க, ஐயர் கும்பகோணம் கல்லூரியில் அமர்ந்தார்.

இவ்வளவு பயிற்சியும் பதவியும் உடைய ஒருவர் முதலியாரைக் காணச் சென்றபோது மனத்தில் சிறிது பெருமிதம் இருந்திருப்பின் அது இயல்பே. யாரிடம் படித்தீர், என்ன படித்தீர் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்புத் தோன்றவில்லை. பின்னர்ப் பெருநூல்களையும் சொன்னார், கம்பராமாயணத்தைச் சொன்னார். அப்போதும் முதலியார் நிறைவு கொள்ளவில்லை. இவையெல்லாம் இருக்கட்டும், இவற்றுக்கும் முற்பட்ட பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய பெயர்களைச் சொன்னார்.

ஐயருக்கு அப்பெயர்கள் தெரியும், நூல்களைக் கண்டதில்லை. பிள்ளையவர்களிடம் அவற்றைப் பாடங் கேட்கவும் இல்லை. நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்து அறிந்துகொள்ளும் துணிவு உண்டு என்பதே அவரால் சொல்ல முடிந்த விடை. முதலியார் அந்தத் துணிவைப் பிடித்துக் கொண்டார். தம்மிடமிருந்த சிந்தாமணிப் படி ஒன்றைக் கொடுத்து, படித்துத் தமக்கும் பாடம் சொல்ல வேண்டும் என்றார். நூலின் பெயரைச் சொல்லிவிட்டு அகல்வோர் பலர். நூலையே கையில் வைத்து, நானும் உடன் படிக்கிறேன் என்பவர் சிலரே.

இவ்விடத்தில் எளியேனின் கருத்தொன்றைச் சொல்ல வேண்டும். முதலியார் பிற்காலப் பிரபந்தங்களை எளிதாக எண்ணியது எனக்கு உடன்பாடன்று. அந்தாதியிலும் யமகத்திலும் சொல்லைப் பிரித்துப் பிரித்துப் பழகிய பயிற்சி இல்லாதிருந்தால், புள்ளியும் இன்றிப் பத்தி பிரிப்பும் இன்றிக் கிடந்த ஏடுகளில் ஐயரால் சொற்களைக் கண்டெடுத்திருக்க முடியாது. மகாவித்துவான் கொடுத்தது கருவி. முதலியார் காட்டியது நிலம். இரண்டனுள் ஒன்றை மட்டும் போற்றுவது முறையாகாது.

சிந்தாமணியைத் திறந்ததும் ஐயர் திகைத்தார். தமிழ் புரிந்தது, பொருள் புரியவில்லை. சைவ நூல்களில் தோய்ந்த அவருக்குச் சமண சமயத்தின் கலைச்சொற்களும் கொள்கைகளும் புதியவை. நச்சினார்க்கினியர் உரை துணையிருந்தும், அவ்வுரையே வேறு பல பழைய நூல்களின் அடிகளைப் பெயர் சொல்லாமல் மேற்கோளாகக் காட்டிச் சென்றது. விளக்க வந்த உரையே மேலும் பல வினாக்களை எழுப்பியது. பாடம் சொல்ல ஒப்புக்கொண்ட ஆசிரியர், தமக்கே விளங்காத நூலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் நற்பெயர் பெற்றுவந்த நிலையில், தெரியாது என்று ஒப்புக்கொள்வது எளிதன்று.

அவர் ஒப்புக்கொண்டார். கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களைத் தேடிச் சென்றார். அவ்வாறு ஓர் இல்லத்துக்குச் சென்ற நாளில், வாயிலில் மாவிலைத் தோரணமும் கோலமும் பொலிந்தன. என்ன விழா என்று கேட்டார். சிந்தாமணியைப் பல திங்களாகப் படித்து வந்து அன்று நிறைவு செய்கிறோம் என்றனர். தாம் பொருள் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்த நூல் அதே ஊரில், சில தெருக்களுக்கு அப்பால், வழிபாடு போலப் படிக்கப்பட்டு வந்திருக்கிறது என்பதை அறிந்தபோது ஐயர் அடைந்த வியப்பை நாம் உணரலாம். ஓர் ஊரில் பல சமயத்தார் கூடி வாழ்ந்தும் ஒருவர் வீட்டு நூலை மற்றவர் அறியாதிருத்தல் இன்றும் இல்லாத ஒன்றன்று.

அன்று முதல் அச்சமணர்கள் ஐயரின் நண்பர்களாயினர். அவர்களுள் சந்திரநாத செட்டியார் குறிப்பிடத்தக்கவர். சமண நூல்களைக் கொடுத்தும் ஐயங்களைத் தெளிவித்தும் அவர் உதவினார். ஐயரும் கேட்டதோடு நில்லாமல், தாம் அறிந்த தமிழ் நயங்களை அவர்களுக்கு எடுத்துரைத்தார். அவ்வீட்டு அம்மையார் ஒருவர் இவ்வுரையாடல்களைக் கேட்டு, இவர் பவ்விய சீவனாக இருக்க வேண்டும் என்று கருதினாராம். வீடுபேற்றுக்குத் தகுதியுடைய உயிர் என்பது சமணர் வழக்கில் அச்சொல்லின் பொருள். சமயத்தால் வேறுபட்ட ஒருவருக்கு ஓர் இல்லத்தார் கொடுக்கக்கூடிய பட்டங்களுள் இதனினும் உயர்ந்தது இல்லை. 1906இல் அரசினர் அளித்த மகாமகோபாத்தியாயப் பட்டத்தோடு இதனையும் சேர்த்து எண்ணுவதே பொருந்தும்.

மறுபுறம், சைவர் சிலருக்கு இம்முயற்சி உவப்பாக இல்லை. சிந்தாமணியில் ஈடுபட்டிருந்த சோழ மன்னனை மீட்கவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது வழிவழி வந்த கதை. அத்தகைய நூலைச் சைவ மடத்தில் வளர்ந்தவர் அச்சிடுவதா என்ற முணுமுணுப்பு எழுந்தது. ஆயினும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மடத்துச் சுவடிகளை ஐயருக்குத் தடையின்றி வழங்கினார் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. அச்சுவடிகளைத் துருவியபோதுதான் நச்சினார்க்கினியர் பெயர் சொல்லாது காட்டிய பழைய நூல்கள் ஐயரின் கண்ணிற் பட்டன. பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவர் கைக்கு வந்த வழி இதுவே.

முதலியார் கும்பகோணத்தை விட்டுச் சென்னைக்குச் சென்று வழக்கறிஞராகிப் பொது வாழ்விலும் பெயர் பெற்றார். 1885இல் இந்தியரின் குறைகளை ஆங்கிலேய மக்களிடம் எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற மூவருள் அவரும் ஒருவர். அத்தனை அலுவல்களுக்கிடையிலும் சிந்தாமணி எந்த அளவில் உள்ளது என்று கேட்பதை அவர் விடவில்லை. ஐயர் பல ஊர்களிலிருந்து பெற்ற படிகளை ஒப்புநோக்கி, வேறுபாடுகளைக் குறித்து, கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டி, கல்லூரி விடுமுறைகளில் சென்னை சென்று அச்சுப் பிழை திருத்தினார். 1887இல் சீவக சிந்தாமணி முழுமையாக வெளிவந்தது. இதற்கு முன் பவர் பாதிரியார் 1868இல் அதன் முதற் பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் உரையோடு அச்சிட்டிருந்தார். நூல் முழுவதையும் உரையுடன் தமிழ் மக்கள் கண்டது ஐயரால்தான்.

பின்னர் நிகழ்ந்தவை மாணவர்கள் பாடத்தில் படித்தவையே. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என நூல்கள் தொடர்ந்தன. 1903இல் ஐயர் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்றார். 1919இல் ஓய்வு பெற்றார். திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டார். தமக்குப் பதவி தேடித் தந்த தியாகராச செட்டியாரை அவர் மறவாத முறை அது.

முதலியாரின் வாழ்வு நீளவில்லை. 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நாற்பது வயது நிறையும் முன்பே, அவர் மறைந்தார். அன்று அவர் பெயர் சொல்லிக் கேட்ட மூன்று நூல்களுள் சிந்தாமணியை அவர் அச்சிற் கண்டார். மணிமேகலை 1898இல்தான் வந்தது. அதனைப் புரிந்துகொள்ளச் சிந்தாமணிக்குச் சமணரை நாடியது போலவே பௌத்த சமயத்தைத் தேடித் தேடிக் கற்க வேண்டியிருந்தது ஐயருக்கு. அந்நூலோடு முதலியார் கேட்ட பட்டியல் நிறைவுற்றது. அதை எடுத்துச் சென்று கொடுக்க அவர் இல்லை.

1940ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் ஐயர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வந்தார். 1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் காலமானபோது அது முடிவுறாமலே நின்றது. அவ்வரலாற்றில், அறுபதாண்டுகளுக்கு முன் தம் கல்வியின் குறையை ஒரு முன்சீப் வெளிப்படுத்திய நாளை எழுத வந்தவர், திங்களையும் தேதியையும் சொல்லி, அது வியாழக்கிழமை என்பதையும் சேர்த்தே குறித்து வைத்தார்.