காஞ்சித் தண்டியார்

செறிவு, தெளிவு, சமநிலை, இன்பம் என்று குணங்களை வரிசையாக ஒப்புவித்து மதிப்பெண் பெறுவதோடு அணியிலக்கணம் முடிந்துவிட்டதாக நம்மிற் பலர் எண்ணுகிறோம். இப்பெயர்களுக்கு இலக்கணம் வகுத்தவர் பசியும் பிரிவும் கண்ட ஒரு மனிதர் என்பது நம் நினைவுக்கு வருவதில்லை. அவர் வரலாற்றைப் புனேயில் பயிலும் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும் என்பது என் விருப்பம். மராட்டிய மண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

தண்டியாசிரியர் ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பல்லவர் தலைநகராகிய காஞ்சியில் வாழ்ந்தவர். தம் குடிவரலாற்றை அவந்திசுந்தரி கதை என்னும் வடமொழி நூலில் அவரே கூறியுள்ளார். முன்னோர் வடமேற்கே ஆனந்தபுரத்தை விட்டு அசலபுரத்தில் குடியேறினர். விதர்ப்பத்தில், இன்றைய அமராவதி மாவட்டத்திலுள்ள அசல்பூரே அது என்பர் அறிஞர். கொள்ளுப்பாட்டனார் தாமோதரர் தெற்கே வந்து, பல்லவ மன்னன் சிம்மவிஷ்ணுவின் ஆதரவைப் பெற்றுக் காஞ்சியில் தங்கினார்.

தந்தை வீரதத்தர், தாய் கௌரி. ஏழு வயதிலே தண்டியார் தாயை இழந்தார். தந்தையும் விரைவில் மறைந்தார். பின்னர் மாற்றார் படை காஞ்சியை வளைத்தது, பஞ்சம் பரவியது. பெற்றோரற்ற அப்பிள்ளை ஊர் ஊராக அலைந்தார். அலைச்சலிலும் கல்வியை விடவில்லை. நாடு அமைதியுற்றபின் காஞ்சிக்கு மீண்டார். ஒருமுறை மாமல்லபுரத்தில், திருமால் சிலையின் முறிந்த கையை ஒட்டுத் தெரியாமல் இணைத்த சிற்பியின் திறத்தைக் காணவே அவர் சென்றாராம்.

அவர் இயற்றிய காவியாதரிசம் செய்யுள் நெறிகளை ஆராய்கிறது. பத்துக் குணங்களும் நிறைந்த நெறியை வைதருப்பம் என்றார். அது விதர்ப்பத்தின் பெயர். பிராகிருதங்களுள் மகாராட்டிரத்து வழக்கையே சிறந்ததெனப் போற்றினார். பொருளணிகள் முப்பத்தைந்தனுள் தன்மையணியை, அதாவது உள்ளதை உள்ளவாறே கூறுவதை, முதலில் வைத்தார். எனக்கு இதில் வியப்பில்லை. பஞ்சத்தை நேரில் கண்டவருக்கு அவ்வணியின் அருமை தெரியாதா?

அந்நூல் கன்னடத்தில் கவிராசமார்க்கத்துக்கும், சிங்களத்தில் சியபஸ்லகரவுக்கும் வழிகாட்டிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் திபெத்திய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. தமிழில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தண்டியலங்காரமாக மலர்ந்தது. பொதுவணி, பொருளணி, சொல்லணி என மூன்று இயல்கள்; எடுத்துக்காட்டுகளிற் சில அனபாய சோழனைப் பாடுகின்றன.

அணியிலக்கணம் நமக்கு இரவல் பொருள் என்று சிலர் இகழ்வர். வடமொழி தந்த கொடை என்று சிலர் செருக்குவர். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடன்று. உவமையைத் தொல்காப்பியம் முன்பே தனி இயலாக ஆராய்ந்துள்ளது. தண்டியாரின் நூலோ காஞ்சியில் வளர்ந்த ஒருவர் எழுதியது. தமிழ்நாட்டில் வளர்ந்த அறிவு, வடமொழியில் வடிவு பெற்று, மீண்டும் தமிழுக்கு வந்தது. இதில் கொடுத்தவர் யார், கொண்டவர் யார்?

அந்தக் காவியாதரிசத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1924-இல் வெளியிட்டவர் பேல்வால்கர். வெளிவந்த ஊர் இந்தப் புனேயே. நண்பர்களே, அடுத்த முறை வைதருப்பம் என்று படிக்கும்போது, அதைத் தேர்வுக்குரிய சொல்லாக மட்டும் கொள்ளாதீர்கள். பிழைப்பும் கல்வியும் தேடி மாநிலம் கடந்த ஒரு குடும்பத்தின் பழைய முகவரி அதில் இருக்கிறது. நம்மைப் போன்றோர்க்கு அது அயற்சொல் ஆகுமா?