வெயிலைக் கணக்கில் எழுதிய வில்லியம் லாம்டன்

கேபிள் ட்ரே மாட்டும்போது நடுவில் ஏன் கேப் விடணும்னு கேட்டால், எக்ஸ்பான்ஷன்னு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிடுவீங்க. அந்த ஒரு வார்த்தைக்காக, 1802லேயே வெயிலில் தெர்மாமீட்டரும் கையுமா நின்ற ஒருத்தரைத் தெரிஞ்சுக்கோங்க.

வில்லியம் லாம்டன் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்காவில் பணியாற்றினார். பிறகு இந்தியா வந்து 1799 ஸ்ரீரங்கப்பட்டணம் போரில் இருந்தார். போர் முடிந்ததும் தென்னிந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளக்க அனுமதி வாங்கினார்.

முதல் வேலை பேஸ்லைன். பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். கையில் இருந்தது 100 அடி ஸ்டீல் சங்கிலி. ஏப்ரல் 10ல் தொடங்கி மே 22 வரை, சுமார் 400 தடவை அதை நீட்டி அளந்தாங்க. மாசத்தைப் பாருங்க, கோடைக்காலம்!

நீங்களே கணக்குப் போடுங்க. 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர்தான் நீளும். ஆனா 12 கிலோமீட்டருக்கு அது 1.4 மீட்டர். பேஸ்லைன் தப்பினால் அதன்மேல் கட்டுகிற எல்லா முக்கோணமும் தப்பு. அதனால் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்து, வெப்பநிலையைக் குறித்து, நீளத்தைத் திருத்தினார். நம்ம ட்ரேக்குத் தாத்தா மாதிரிதான் அந்தத் தொட்டி!

அளவை நம்ம ஊருக்கும் வந்தது. 1806ல் கோவை வட்டாரத்தில் இன்னொரு பேஸ்லைன் அளந்தார். 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய தியோடலைட் மோதி நசுங்கியது. பல வாரம் உட்கார்ந்து தானே சரிசெய்தார். ஓய்வெடுக்காமல் வடக்கே அளந்துகொண்டே போனவர், 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட்டில் இறந்தார். மிச்ச வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

இப்ப நம்ம வேலைக்கு வருவோம். தகரக் கூரைக்கு அடியில் 30 மீட்டர் ஸ்டீல் ட்ரே. இரவுக்கும் மதியத்துக்கும் 35 டிகிரி வித்தியாசம்னா சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம்னா 25. எல்லா சப்போர்ட்டிலும் இறுக்கி போல்ட் போட்டால் ட்ரே வளையும், இல்லன்னா கிளாம்ப் பிடுங்கும். அதனால் ரெண்டு எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டுக்கு நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இறுக்கிப் பிடிங்க. மற்ற சப்போர்ட்டுகளில் நகர வழி விடுங்க. கேப் வழியா எர்த் தொடர்ச்சி அறுந்துடாம பாண்டிங் ஜம்பர் போடுங்க.

பல பேர் விட்டுடுற விஷயம் ஒண்ணு இருக்கு. கேப் எவ்வளவுங்கறதை மாட்டுற நேரத்து உலோக வெப்பநிலைதான் தீர்மானிக்கும். குளிர்ந்த காலையில் மாட்டினால் பெரிய கேப், கொதிக்கிற மதியம்னா சின்ன கேப். காலை மாட்ட வேண்டிய அளவை மதியம் விட்டால், இரவில் சுருங்கும்போது ஜாயிண்ட் தாங்காது.

லாம்டன் வெயில் குறையட்டும்னு காத்திருக்கலை. அது எவ்வளவுன்னு அளந்து எழுதினார். அடுத்த முறை சைட்டுக்குப் போறப்ப டேப்போட ஒரு தெர்மாமீட்டரும் எடுத்துட்டுப் போங்க.