ரேலி பிரபு

ரேலி பிரபு (நவம்பர் 12, 1842 – ஜூன் 30, 1919) இங்கிலாந்து நாட்டு இயற்பியலாளர். இவரது இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட். ஆர்கான் வளிமம் தொடர்பான ஆய்வுக்காக 1904 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மூடுபனியில் கப்பல்களைக் காக்கும் ஒலிச்சைகைகளின் வளர்ச்சியிலும் இவருக்குப் பங்குண்டு.

வாழ்க்கை

எசெக்ஸ் மாவட்டத்தில் பிறந்த இவர், இளமையிலேயே உடல்நலம் குன்றியவர். 1865 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றார். வானம் நீலமாகத் தெரிவதற்கு ஒளிச்சிதறலே காரணம் என 1871 இல் விளக்கினார். சேலத்திலிருந்து பார்க்கையில் சேர்வராயன் மலை நீலம் பூத்துத் தெரிவதும் இச்சிதறலாலேயே.

1872 இல் மூட்டுவாதக் காய்ச்சலால் பாதிக்கப்பட்டு, உடல் தேற எகிப்து சென்றார். நைல் ஆற்றில் படகில் பயணம் செய்தபோது ஒலியியல் கோட்பாடு பற்றிய தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். அதன் இரு தொகுதிகள் 1877, 1878 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. 1879 முதல் 1884 வரை கேவண்டிஷ் பேராசிரியராகப் பணியாற்றினார்.

ஒலிச்சைகை ஆய்வுகள்

1896 இல், இங்கிலாந்தின் கலங்கரை விளக்கங்களைப் பேணும் டிரினிட்டி ஹவுஸ் அமைப்பின் அறிவியல் ஆலோசகரானார். மூடுபனியின் நீர்த்திவலைகள் விளக்கொளியைச் சிதறடித்து மறைத்துவிடும். அலைநீளம் மிகுந்த ஒலியோ அவற்றைக் கடந்து செல்லும். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பனி மூடும்போது ஓட்டுநர்கள் ஒலியெழுப்பிச் செல்வது இதனாலேயே.

அகன்ற வாயிலிருந்து வரும் ஒலி நேர்த்திசையில் குவியும். குறுகிய வாயிலிருந்து வருவது விரிந்து பரவும். எனவே கிடையாகக் குறுகியும் செங்குத்தாக நீண்டும் உள்ள நீள்வட்ட வாய் கொண்ட ஊதுகொம்பை ரேலி வடிவமைத்தார். ஒலி வானை நோக்கி வீணாகாமல், கடற்பரப்பில் இருபுறமும் பரவுவதே இதன் நோக்கம்.

ஒலி கேட்டால் மட்டும் போதாது. எத்திசையிலிருந்து வருகிறது என்பது தெரியாவிடில் மோதலைத் தவிர்க்க இயலாது. தாழ்ந்த சுருதியில் இரு காதுகளையும் அடையும் அலைகளின் கட்ட வேறுபாட்டாலும், உயர்ந்த சுருதியில் செறிவு வேறுபாட்டாலும் திசையை உணர்கிறோம் என்று 1907 இல் விளக்கினார்.

இன்றைய விதிகள்

1972 ஆம் ஆண்டின் பன்னாட்டு மோதல் தடுப்பு விதிகளின்படி, எதிரே வருவது தெரியாத வளைவை நெருங்கும் கலம் நான்கு முதல் ஆறு நொடி வரை நீளும் ஓர் ஒலி எழுப்ப வேண்டும். வளைவின் மறுபுறமுள்ள கலம் அதேபோல் மறுமொழி தர வேண்டும். மூடுபனியில் செல்லும் இயந்திரக் கலம் இரண்டு நிமிடங்களுக்கு மிகாத இடைவெளியில் நீண்ட ஒலி எழுப்ப வேண்டும். அமெரிக்க உள்நாட்டு நீர்வழி விதிகளும் இவற்றையே வலியுறுத்துகின்றன. பெரிய கப்பல்களின் ஊதலுக்குத் தாழ்ந்த சுருதியே விதிக்கப்பட்டுள்ளது. எனவே கப்பலின் பருமனையும் ஒலியைக் கொண்டே ஓரளவு ஊகிக்கலாம்.

ரேலி 1919 இல் தம் 76 ஆம் வயதில் காலமானார். அவ்வாண்டு வரை டிரினிட்டி ஹவுஸ் ஆலோசகராக இருந்தார்.