காத்தவராயன் கேட்ட கேள்வி

விழுப்புரம் அருகே மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலை நம் மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. தலித் மக்கள் உள்ளே வரலாமா என்ற தகராறில் 2023 ஜூன் மாதம் அதிகாரிகள் அதைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில்தான் போலீஸ் பாதுகாப்புடன் தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. இந்தக் கோரிக்கையை 1892-லேயே சென்னையில் ஒருவர் சபை நடுவே எழுந்து வைத்தார். அவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845 மே 20-ல் சென்னையில் பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் ஒரு வெள்ளைக்கார துரையிடம் பட்லராக இருந்தவர். அவர் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் துரை வழியாக எல்லிஸ் கைக்குப் போனது என்பது பண்டிதரே பதிவு செய்த செய்தி. பேரன் தமிழும் சித்த மருத்துவமும் கற்று, ஆசிரியரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அத்வைத சபை நடத்தினார். மகன்களுக்குப் பட்டாபிராமன், ஜானகிராமன் என்று பெயரிட்டார். பக்தியில் யாருக்கும் குறைந்தவரல்ல.

1892-ல் சென்னை மகாஜன சபைக் கூட்டம். விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் தம் மக்களை ஏன் விடக்கூடாது என்று பண்டிதர் கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த சாஸ்திரி ஒருவர் எழுந்தார். உங்களுக்கென்று மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற சாமிகள் இருக்கின்றன. சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் அல்ல என்றார். காத்தவராயன் என்ற பெயரோடு வளர்ந்தவரிடம் இதைச் சொன்னதை நினைத்துப் பாருங்கள். அப்படியானால் அந்தச் சாமிகளே எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் பதில் சொன்னார். அதன் பிறகு அவர் கோயில் கதவைத் தட்டவே இல்லை.

1898-ல் கர்னல் ஆல்காட் உதவியோடு இலங்கை போய் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்தவர்கள் கிளை அமைத்தார்கள். மகள்களுக்கு அம்பிகாதேவி, மாயாதேவி என்று பெயர்.

1907 ஜூன் 19 முதல் அவர் நடத்திய வார இதழின் பெயர் ஒரு பைசாத் தமிழன். விலையும் அதுதான். மறு ஆண்டு அது தமிழன் ஆனது. பிரம்மாவின் முகத்தில் ஒருவரும் காலில் ஒருவரும் பிறந்தார்கள் என்ற கதையை அதில் விடாமல் கேலி செய்தார். ஒரு பேச்சுக்கு எழுதப்பட்ட சான்று எங்கே, கல்வெட்டு எங்கே, அனுபவம் எங்கே என்று கேட்பது அவர் வழக்கம். தீபாவளி அசுரனைக் கொன்ற நாள் அல்ல, எள்ளில் எண்ணெய் எடுக்கக் கற்ற பௌத்தர் அதைக் கொண்டாடிய நாள் என்று எழுதினார். வரலாற்று அறிஞர்கள் இதை ஏற்பார்களா என்பது வேறு விஷயம். நம் ஊர்த் திருவிழாவுக்கு இன்னொரு கதையும் இருக்க முடியும் என்ற துணிச்சலை அது படித்தவர்களுக்குக் கொடுத்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கில் சாதியற்ற பூர்வ பௌத்தர் என்று பதியும்படி கேட்டுக்கொண்டார்.

அவரிடம் குறையும் உண்டு. குறவர், வில்லியர், சக்கிலியர் போன்றோரோடு தம் மக்களைச் சேர்த்து எண்ணக்கூடாது என்று எழுதியவர் அவர். திண்டிவனம் பக்கம் இருளர் குடியிருப்பில் உட்கார்ந்து அந்தப் பக்கங்களைப் படித்தால் வலிக்கும். சாதிக்குச் சான்று கேட்டவர் இந்த இடத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்.

1914 மே 5-ல் பண்டிதர் காலமானார். மகன் பட்டாபிராமன் சில காலம் இதழை நடத்தினார். பிறகு அவர் எழுத்துகளைத் தேடுவார் இல்லை. கோலார் குடும்பங்கள் சில பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தன. அவற்றைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999-ல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தது.